டயாலிசிஸ் பேஷண்ட் கையைத் தொட்டாலே உதறுகிறார்: என்ன நடந்தது என்று கேட்கலாமா, விட்டுவிடலாமா?

இரவுப்பணி சிஸ்டர்

அடையாளம் தெரிந்துவிடக் கூடாதென்று சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் யூனிட்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன், ஆறு வருடம் ஆகிறது.

வாரம் மூன்று முறை வரும் ஓர் அக்கா இருக்கிறார். வயது நாற்பதை ஒட்டி, வீட்டிலேயே தையல் வேலை. இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்த இடம்). வந்த நாளிலிருந்தே அந்தக் கையை யாராவது தொட்டால் உடம்பு விறைத்துவிடும். ஊசி வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார். உண்மையிலேயே ஊசி அவருக்கு ஒரு பொருட்டே இல்லை, கையைப் பிடிப்பதுதான் ஆகாது. அப்புறம் அந்தக் கையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொள்வார். எங்களுக்கோ மூடவே விடக்கூடாது, ஊசி நழுவினால் மிஷின் நிமிடத்துக்கு 250, 300 மில்லி ரத்தத்தை ஓட்டிக்கொண்டிருக்கும், துணிக்கு அடியில் கசிந்தால் யாருக்கும் தெரியாது. "மூடாதீங்க", "கையைக் காட்டுங்க" என்று நாலு மணி நேரத்தில் பத்துத் தடவையாவது சொல்லியிருப்போம்.

போன மாதம் ஒருநாள் தூக்கத்தில் கையை மடக்கிவிட்டார். அலாரம் அடித்தது. பக்கத்திலிருந்த டெக்னீஷியன் ஓடிவந்து, எல்லோரும் செய்வதைத்தான் செய்தார், மணிக்கட்டைப் பிடித்துக் கைப்பிடியோடு அழுத்தி நேராக்கினார். அந்த அக்கா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உதறியதில் ஓர் ஊசி வெளியே வந்துவிட்டது, தரையெல்லாம் ரத்தம், நான் போய் அழுத்திப் பிடிக்க வேண்டியதாயிற்று (மறுபடியும் அதே கை). கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் இல்லை. பத்து நிமிடம் கழித்து, "ரொம்ப ரத்தம் போயிடுச்சா சிஸ்டர்" என்று சாதாரணமாகக் கேட்டார். டியூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டில் "ஒத்துழைப்பதில்லை, ஆக்ரோஷமானவர்" என்று எழுதிவிட்டுப் போனார்.

அடுத்த முறை, ஊசி எடுத்த இடத்தைப் பஞ்சு வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அவராகவே சொன்னார். சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே, ஒருநாள் இரண்டு நாள் இல்லை, வருடக்கணக்கில். கையைக் கட்டிப்போடுவது பற்றி ஒரு வரி. அவ்வளவுதான் சொன்னார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் "விடுங்கக்கா, அதான் எல்லாம் முடிஞ்சு போச்சே" என்று உளறிவிட்டேன். அதற்கப்புறம் இரண்டு முறை டயாலிசிஸுக்கே வரவில்லை. மூன்றாவது முறை கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்.

என் கேள்வி இதுதான். மேற்கொண்டு கேட்க வேண்டுமா? தெரிந்துகொண்டால்தானே உதவ முடியும்? மற்ற ஸ்டாஃபிடம் சொல்லலாமா? எங்களுக்கு நர்சிங் படிப்பில் மனநலம் என்று ஒரு பேப்பர் இருந்தது, அதில் இதெல்லாம் ஒரு வரிகூட வந்ததாக நினைவில்லை. இன்னொன்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்குப் பிறகு எனக்கே சரியாகத் தூக்கம் இல்லை.

பழைய வார்டு அக்கா

கேட்காதேம்மா.

ஒரு அரசு மருத்துவமனையின் தீக்காய வார்டில் பதினெட்டு வருடம் இருந்தவள் நான், இப்போது ஓய்வு. எங்களிடம் வந்த பெண்களில் பாதிப் பேர் "ஸ்டவ் வெடிச்சிடுச்சு" என்றுதான் சொல்வார்கள். புருஷன் கட்டில் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பான். மாஜிஸ்திரேட் வந்து வாக்குமூலம் கேட்பார், போலீஸ் கேட்கும், பெரிய டாக்டர் ஒரு தடவை கேட்பார், பி.ஜி. மாணவர்கள் ஒரு தடவை கேட்பார்கள், அப்புறம் பக்கத்துக் கட்டில் பாட்டி கேட்பாள். இத்தனை பேர் கேட்ட பிறகு கட்டுப் பிரிக்கப் போகிற நானும் கேட்டால் அவளுக்கு வார்டில் ஒதுங்க ஓர் இடம் வேண்டாமா? அந்த இடமாக நாம் இருந்துவிட்டால் போதும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு பேஷண்ட்தான். டிரெஸ்ஸிங் நேரம் வந்தாலே கட்டிலைப் பிடித்துக்கொண்டு கத்துவாள், ஆயாவும் நானும் சேர்ந்து பிடித்துத்தான் செய்வோம். ஒருநாள் ஆயா லீவு. எனக்கும் கை ஓய்ந்துவிட்டது. "சரி, மேல் துணியை நீயே எடு" என்று சலைன் பாட்டிலை அவள் கையில் கொடுத்தேன். அவளே ஊற்றி நனைத்து நனைத்து எடுத்தாள், நான் எடுத்தால் பத்து நிமிடம், அவள் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள், ஆனால் சத்தம் இல்லை. அடுத்த வாரம் இருபது நிமிடத்துக்கு வந்துவிட்டது. அதிலிருந்து எல்லோரிடமும் ஓர் ஏற்பாடு வைத்துக்கொண்டேன், இடது கையைத் தூக்கினால் நான் நிறுத்திவிடுவேன், எதற்கு என்று கேட்க மாட்டேன். சிலர் முதல் நாள் சும்மாவே பத்துத் தடவை தூக்கிப் பார்ப்பார்கள், நான் நிஜமாகவே நிறுத்துகிறேனா என்று. பத்துத் தடவையும் நிறுத்த வேண்டும். ஒன்பதாவது தடவை "சும்மா இரும்மா" என்றால் எல்லாம் போச்சு.

உன் பேஷண்டுக்கும் அந்தக் கையில் அவரே செய்யக்கூடியது ஏதாவது இருக்கும், யோசித்துப் பார்.

தூக்கம் வராதது பற்றி: அது வெட்கப்படுகிற விஷயமில்லை. எங்கள் காலத்தில் இரண்டு சிஸ்டர்கள் தமக்குள் பேசினால் வம்பு, மேட்ரன் ரூமில் பேசினால் கம்ப்ளெய்ண்ட், வீட்டில் பேசினால் "வேலையை விட்டுடு". பேசுவதற்கு இடமே இல்லாமல்தான் பதினெட்டு வருடம் ஓட்டினோம், அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நான் இன்றைக்கும் மண்ணெண்ணெய் வாடை வந்தால் அந்தத் தெருவிலேயே போக மாட்டேன்.

மூன்றாவது ஷிஃப்ட்

நானும் டயாலிசிஸ் டெக்னீஷியன்தான், வேறு இடம். படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் கொஞ்சம் நடப்பையும் பேசுவோம். எங்கள் யூனிட்டில் காலை ஆறு மணிக்கு முதல் ஷிஃப்ட் ஏற்ற வேண்டும். ஒருவருக்கு இருபது நிமிடம் கூடப் போனால் அது அப்படியே மூன்றாவது ஷிஃப்டில் வந்து விழும், அந்த ஷிஃப்டில் வருகிறவர் கும்மிடிப்பூண்டி கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டும். அலாரம் அடித்தால் நான் கையைப் பிடித்து நேராக்காமல் பேர் சொல்லி அனுமதி கேட்டுக்கொண்டு நிற்க முடியுமா? ரத்தம் உறைந்து ட்யூப் போய்விட்டால் யார் பொறுப்பு? அந்த டெக்னீஷியன் மேல் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மனநல சமூகப் பணியாளர்

டெக்னீஷியன் தம்பி கேட்டது நியாயமான கேள்வி, அதற்கு வருகிறேன். முதலில் சிஸ்டருக்கு.

தமிழில் இதற்கு இன்னும் ஒரு நல்ல சொல் அமையவில்லை. "மன அதிர்ச்சி" என்றால் ஒருநாள் நடந்த விபத்து மாதிரிக் கேட்கிறது. இது அப்படியில்லை, தப்பித்துப் போக முடியாத இடத்தில், பெரும்பாலும் நம்பியிருந்த ஆளாலேயே, திரும்பத் திரும்ப நடந்ததன் விளைவு. உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலில்தான் காம்ப்ளெக்ஸ் பிடிஎஸ்டி என்ற பேரில் இது தனி நோயாக இடம் பெற்றது, 6பி41 என்ற எண்ணில். மனநோய்களைப் பட்டியலிடும் அமெரிக்கர்களின் டிஎஸ்எம் புத்தகத்தில் இன்றும் தனியாக இல்லை. பிடிஎஸ்டிக்கு (கொடிய அனுபவத்துக்குப் பின் வரும் மனநோய்) உரிய மூன்று இருக்கும்: நடந்தது இப்போதே நடப்பதுபோல் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, எந்நேரமும் ஆபத்து பக்கத்தில் நிற்பதுபோல் உடம்பு விழித்தே இருப்பது. அதன்மேல் இன்னும் மூன்று: உணர்ச்சி கட்டுக்குள் நிற்காது (வெடிக்கும், அல்லது ஒரேயடியாக மரத்துப்போகும்), "நான் கேவலமானவள்" என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கும், யாரிடமும் நெருங்கவோ நெருங்கி நிலைக்கவோ முடியாது. இதை வைத்து நீங்களே முத்திரை குத்தச் சொல்லவில்லை. ஒத்துழைப்பதில்லை என்று எழுதியவர் பார்க்காமல் விட்டது என்ன என்று தெரிய வேண்டும், அதற்காகச் சொன்னேன்.

கண் திறந்தபடி ஆள் இல்லாமல் போனதாகச் சொன்னீர்களே, அது இந்த நிலையில் வரக்கூடியதுதான். வீட்டில் "பேய் அடிச்ச மாதிரி உட்கார்ந்திருந்தா" என்பார்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை, டயாலிசிஸில் பிரஷர் இறங்கினாலும் ஆள் இப்படித்தான் இருப்பார், சர்க்கரை இறங்கினாலும் அப்படித்தான். அதனால் முதலில் பிபி, சர்க்கரை பாருங்கள், பழைய கதை தெரிந்துவிட்டது என்பதற்காக எல்லாவற்றையும் மனதின் தலையில் கட்டிவிடாதீர்கள். அது சரியாக இருந்தால், உலுக்காமல், அணைத்துக்கொள்ளாமல், எதிரில் வந்து நின்று உங்கள் பேர், இடம், கிழமை சொல்லுங்கள். வலது கையில் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கலாம், கால் பாதத்தைப் பலகையில் ஊன்றச் சொல்லலாம். அழுத்திப் பிடித்தே ஆக வேண்டும் என்றால், பிடித்துக்கொண்டே சொல்லுங்கள்: "ரத்தம் வருது, நான் சிஸ்டர், அழுத்திப் பிடிக்கிறேன், ரத்தம் நின்னதும் விட்டுடுவேன்." நின்றதும் விட்டுவிடுங்கள்.

மேற்கொண்டு கேட்பது பற்றி பழைய வார்டு அக்கா சொன்னதே என் பதிலும். 2004 சுனாமிக்குப் பிறகு, நான் அப்போது எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி) மாணவன், பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக்கு நோட்டும் பேனாவுமாகப் போனோம். ஓர் அம்மா என்னைப் பார்த்துச் சலிப்போடு கேட்டார், "நேத்து வந்தவங்க எழுதிக்கிட்டுப் போனாங்களே, அதைப் பார்த்து எழுதிக்கக் கூடாதாப்பா?" அதற்கு மேல் அன்றைக்கு நான் எதுவும் எழுதவில்லை. நடந்ததை உடனே கொட்ட வைத்தால் பாரம் குறையும் என்று அப்போது பலரும் நம்பினார்கள். பின்னால், 2011-இல், உலக சுகாதார நிறுவனம் உளவியல் முதலுதவிக்கு வெளியிட்ட கையேட்டில் பார், கேள், இணை என்று மூன்றே சொல்கிறது, அதில் "கேள்" என்பது காது கொடுத்துக் கேட்பது, துருவுவது இல்லை. பழையதைப் பேசித் தீர்ப்பது பயிற்சி பெற்றவரிடம், அவரே நேரம் பார்த்துச் செய்ய வேண்டியது. ஊசி எடுக்கிற பத்து நிமிடத்தில் செய்வதில்லை.

அவர் வராமல் போனதற்கு நீங்கள் உளறியது மட்டும் காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோமே என்ற கூச்சத்திலேயே பலர் காணாமல் போவார்கள். அடுத்த முறை ஒரே ஒரு தடவை, "அன்னைக்கு நீங்க சொன்னதை நான் சரியாக் கேட்டுக்கல, மன்னிச்சிடுங்க, நீங்களா சொன்னாலொழிய நான் அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வழக்கமான வேலையைப் பாருங்கள். தனிச் சலுகை, சொந்த போன் நம்பர், ஹோட்டல் சாப்பாடு என்று ஆரம்பிக்காதீர்கள். ஒரு மாதம் உருகிவிட்டு டியூட்டி மாறியதும் காணாமல் போகிறவரைவிட, அளவாகப் பேசி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருப்பவர் இவருக்கு மேல்.

மற்ற ஸ்டாஃபிடம் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள், ஏன் என்பதைச் சொல்லாதீர்கள். "முன்னால் வந்து சொல்லிவிட்டுத் தொடவும்" என்ற ஒரு வரிக்குக் காரணம் தேவையில்லை. அதுபோல "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று முழு வாக்கும் கொடுக்காதீர்கள். அந்த ஆளால் இப்போது வேறொரு குழந்தைக்குப் பாலியல் ஆபத்து என்று தெரியவந்தால், 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு தகவல் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது.

அவர் விரும்பினால் மட்டும்: 14416, டெலி மனஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இலவசம், எந்நேரமும், தமிழில் பேசலாம். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் என்றால் பயப்படுவார் (1794-இலிருந்து ஓடுகிற இடத்தின் பேர் அப்படி ஆகிவிட்டது, என்ன செய்ய), அரசுப் பொது மருத்துவமனையின் மனநல ஓ.பி.க்கே போகலாம். இப்போதும் வீட்டில் அடி உதை என்றால் 181, பெண்களுக்கான உதவி எண். சென்னையில் பிசிவிசி என்ற அமைப்பு 2001 முதல் குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களோடு வேலை செய்கிறது, தீக்காயம் பட்டவர்களோடும்தான்.

தம்பிக்கு: அலாரம் அடித்தால் ஓடத்தான் வேண்டும். ஆனால் அன்றைக்கு அந்த யூனிட்டில் தரை கழுவி, பிரஷர் ஏற்றி, மறுபடி ஊசி போட்டு எவ்வளவு நேரம் போயிருக்கும்? டெக்னீஷியன் மேல் தப்பில்லை, அவரிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை.

மூன்றாவது ஷிஃப்ட்

அது சரிதான் சார். ஊசி வெளியே வந்தால் ஒரு மணி நேரம் காலி. என்னை ஒரு பெரியவர் அறைந்தே இருக்கிறார், தூங்கிக்கொண்டிருந்தவரைத் தோளைத் தட்டி எழுப்பியதற்கு. ராணுவத்தில் இருந்தவர் என்று பிற்பாடு அவர் மகன் சொன்னான். நான் அன்றைக்கு இன்சார்ஜிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது யோசித்தால் காலடிப் பக்கம் நின்று கூப்பிட்டிருக்கலாம்.

புழல் பொண்ணு

நான் ஸ்டாஃப் இல்லை, பேஷண்டின் மகள். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அம்மா 1990-இல் இலங்கையிலிருந்து படகில் வந்தவர். நான் இங்கே முகாமில் பிறந்து வளர்ந்தவள். ஊரில் நடந்ததைப் பற்றி அம்மா எங்களோடு கதைத்ததே இல்லை, நாங்களும் கேட்டதில்லை. போன வருடம் கர்ப்பப்பை ஆபரேஷனுக்காக ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். ஆபரேஷன், வலி எதற்கும் அம்மா அசையவில்லை. இரவு ரவுண்டு வந்த சிஸ்டர் லைட் போட்டு மற்றவர்களை எழுப்ப வேண்டாமே என்று நல்ல எண்ணத்தில் டார்ச்சை முகத்தில் அடித்தார். கூடவே காக்கிச் சட்டையில் செக்யூரிட்டி. அம்மா ட்ரிப்ஸைப் பிடுங்கிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டார். என்னைத்தான் உள்ளே இழுத்தார், என் வாயைப் பொத்தினார். எனக்கு முப்பது வயது.

அடுத்த நாள் வேறொரு சிஸ்டர் வந்தார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. "அம்மா, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு ஊசி இருக்கு. எப்படி எழுப்பட்டும்?" என்றுதான் கேட்டார். அம்மா யோசித்துவிட்டு, "மகளை எழுப்புங்கோ, அவள் என்னை எழுப்புவாள்" என்றார். மூன்று இரவும் அப்படித்தான் நடந்தது. அந்தக் கேள்வியை அம்மாவிடம் முப்பது வருடத்தில் யாரும் கேட்டதில்லை, நான் உட்பட.

இதையும் சொல்லிவிடுகிறேன், ஈழத்தவர் என்று கேஸ் ஷீட்டில் பார்த்ததும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு "சண்டையில யாராவது...?" என்று ஆரம்பிப்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

இரவுப்பணி சிஸ்டர்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், டியூட்டி அப்படி.

சமூகப் பணியாளர் சார் சொன்ன மாதிரியே மன்னிப்புக் கேட்டேன். அவர் பதில் பேசவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எழுந்து போய் எடை மிஷினைச் சரிபார்க்கிற மாதிரி நின்றுவிட்டேன். அடுத்த முறை, பழைய வார்டு அக்கா சொன்னதை நினைத்து, "அக்கா, ஃபிஸ்டுலாவில் ரத்தம் சரியா ஓடுதான்னு இனிமேல் நீங்களே முதல்ல தொட்டுப் பார்த்துச் சொல்றீங்களா" என்றேன். வீட்டில் தினமும் பார்க்கச் சொல்லிக்கொடுத்ததுதானே. வலது கை விரல் மூன்றை வைத்துப் பார்த்து, "ஓடுது, பூனை உறுமுற மாதிரி இருக்கு" என்றார். அப்புறம்தான் நான் தொட்டேன். இப்போது அதுவே வழக்கமாகிவிட்டது, பிளாஸ்டரையும் அவரே கிழித்துத் தருகிறார்.

கையை மூடுகிற பிரச்சினைக்கு நாங்கள் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. "மூடினா உங்களுக்குத் தெரியாது, திறந்தா எனக்கு முடியாது, என்ன செய்யலாம்" என்று அவர்தான் கேட்டார். அடுத்த வாரம் முழுக்கை வைத்த ஜாக்கெட் ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார், தோளிலிருந்து மணிக்கட்டு வரை பிரஸ் பட்டன். ஊசி இருக்கிற நாலு விரற்கடை மட்டும் திறந்திருக்கும், மேலும் கீழும் மூடியிருக்கும். இன்சார்ஜ் சிஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குளிருது குளிருது என்று புலம்பும் இன்னொரு பேஷண்டுக்கு ஒன்று தைத்துத் தர முடியுமா, கூலி எவ்வளவு என்று விசாரித்தார்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. போன வாரமும் ஒரு முறை வரவில்லை. டியூட்டி டாக்டரின் அந்த வரியை அடிக்கச் சொன்னதற்கு "எழுதினதை அடிக்கக் கூடாது" என்றார், அது விதிப்படி சரிதான், அதனால் அதற்குக் கீழே புதிதாக எழுத வைத்தோம். 14416 நம்பரை அவரிடம் கொடுத்தேன், பர்ஸில் வைத்துக்கொண்டார், கூப்பிட்டாரா என்று நான் கேட்கவில்லை. அந்த நம்பருக்கு நான் கூப்பிட்டேன், எனக்காக. இருபத்தைந்து நிமிடம் பேசினேன்.

மூன்றாவது ஷிஃப்ட்

சிஸ்டர், கேஸ் ஷீட்டில் கீழே என்ன எழுதினீர்கள்? போட்டோ இருந்தால் போடுங்கள், பேரை மறைத்துவிட்டு. எங்கள் யூனிட்டிலும் ஒருவருக்குத் தேவைப்படுகிறது.

இரவுப்பணி சிஸ்டர்

போட்டோ வேண்டாம் தம்பி, டைப் பண்ணிவிடுகிறேன். அவரிடம் காட்டி, அவர் இரண்டு வார்த்தையை மாற்றிய பிறகு எழுதியது:

"இடது கையைத் தொடும் முன் எதிரில் வந்து பேர் சொல்லவும். ஃபிஸ்டுலாவை முதலில் அவரே பார்ப்பார். அலாரம் அடித்தால் 'கையை நீட்டுங்க' என்று சொல்லவும், அவரே நீட்டுவார். நீட்டாவிட்டால் முழங்கைக்கு மேல் மட்டும் பிடிக்கவும், மணிக்கட்டைப் பிடிக்க வேண்டாம். தூங்கினால் பேர் சொல்லி எழுப்பவும். பதில் இல்லையென்றால் உடனே பிபி, சர்க்கரை பார்க்கவும். கூடுமானவரை நான்காம் நம்பர் சேர், சுவர்ப் பக்கம்."

நான்காம் நம்பர் சேர் அவர் சேர்த்தது. அங்கே உட்கார்ந்தால் வாசல் தெரியுமாம்.